பனிக்கட்டியாற்றில் சொன்ன ‘வேண்டாம்’

மொன்றியல்,
பங்குனி 1998

தம்பி,

வழக்கமாக என் கடிதங்கள் ‘இங்கு யாவரும் சுகம்’ என்றுதான் தொடங்கும். இந்தத் தரம் ‘யாவரும்’ என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. இந்த வீட்டில் இருப்பது உன் அம்மா ஒருத்தி. ஒருத்தி எப்படி யாவரும் ஆவாள்? வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். நான் சுகம். முழங்காலில் கொஞ்சம் நோவு. தெருவில் பனி இன்னும் கறுத்துப்போய்க் குவியல் குவியலாகக் கிடக்கிறது. இரண்டு நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை. மூலையில் இருக்கும் டெப்பனேர் கடையில் பால் வாங்கும்போது ‘மெர்சி’ என்று நன்றி சொன்னேன். அதைக் கதை என்று எடுத்தால் எடுக்கலாம்.

நேற்று வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இந்த நகரத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. வாடகை வீடுகள் எல்லாம் ஆடி முதலாந் திகதிதான் கை மாறும். அன்றைக்குப் பாதி மொன்றியல் கட்டிலையும் மெத்தையையும் நடைபாதையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்து நிற்கும். இன்னும் ஒரு வருடம் இருப்பதா, விடுவதா என்பதை இந்த மாதம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். “மதாம், நீங்கள் இருப்பீர்கள்தானே?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். ஏனென்றால் அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமைதான் நீ தொலைபேசியில், கல்கரி வீட்டுக் கீழ் அறையை உன் வேலையிடத்து நண்பர் ஒருவர் கேட்கிறார், கோடையிலிருந்து கொடுக்கலாமோ என்று நீயும் சுகந்தியும் யோசிக்கிறீர்கள் என்று சொன்னாய். “நல்ல விசயம், குடுங்கோ. சும்மாதானே கிடக்குது” என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த கையோடு அடுப்படிக்குப் போனேன். என்ன எடுக்கப் போனேன் என்று நினைவு வரவேயில்லை. அந்த அறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு வந்து சேர நான் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆசிரியர்களாக இருந்தவர்களின் குணம் அது. உதாரணம் சொல்லாமல் எங்களுக்கு ஒன்றும் வராது.

போன ஆவணியில் நான் உங்களிடம் வந்திருந்தபோது பனிக்கட்டியாறு பார்க்கும் சுற்றுலாவுக்கு நீ இரண்டு இடம் பதிந்திருந்தாய், எனக்கும் உனக்கும். ஏன் பதிந்தாய் என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் பூமிசாத்திரம் படிப்பித்தவள் நான். பனிக்கட்டியாறு என்ற பாடத்தை எத்தனை வகுப்புக்கு எடுத்தேன் என்று கணக்கில்லை. வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பெரிய பனிக்கட்டி அப்போது யாழ்ப்பாணத்துக் குளிர்பானக் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்த பாளம்தான். ஒரு பிள்ளை எழுந்து நின்று, “ரீச்சர், ஐஸ் எப்பிடி ஓடும்? அது கல்லுமாதிரி எல்லோ கிடக்கும்?” என்று கேட்டாள். அடுத்த நாள் நான் வீட்டிலிருந்து ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் கிண்டி இறுகின தொதல் கொண்டுபோய் மேசையில் சரித்து வைத்தேன். பாடம் முடியும்போது தொதலின் கரை தட்டை விட்டு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. “இப்ப விளங்குதோ? ஓடுறது தெரியாமல் ஓடும்” என்றேன். பிறகு அந்தத் தொதலை ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள். இந்தக் கதையை நீ சின்ன வயதில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். அதை மறக்காமல் வைத்திருந்து, அம்மா உண்மையான ஆற்றைப் பார்க்கட்டும் என்று நினைத்தாயே, அதற்கு நான் உனக்கு இதுவரை ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று காலை பஸ் நிற்கும் இடத்தில் உனக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏதோ பழுதாகிவிட்டது, நீ போயே ஆகவேண்டும். உன் முகம் சுண்டிப்போனது.

“அம்மா, தனியப் போவீங்களோ? இல்லாட்டி விடுவம், இன்னொரு நாளைக்குப் பாப்பம்.”

“நான் என்ன சின்னப்பிள்ளையே? நீ வேலையைப் பார். நான் போட்டு வாறன்.”

“கிளவுஸ் இருக்கோ? மேல குளிரும்.”

“எல்லாம் இருக்கு, எல்லாம் இருக்கு.”

கிளவுஸ் கட்டிலில் கிடந்தது. அதைவிடப் பெரிய பொய், தனியப் போவேன் என்றது. நீ “இல்லை அம்மா, விடுவம்” என்று இன்னொரு தரம் சொல்லுவாய் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் நான் பஸ்ஸின் படியில் கால் வைத்தேன். நீ கைகாட்டிவிட்டுக் காருக்கு ஓடினாய். உன்னில் பிழை இல்லை. நான் சொன்னதை நீ நம்பினாய்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை உன்னுடையது. அதில் என் பையை வைத்தேன். வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்து ஊர் பார்ப்பது ஒரு தனி வேலை தம்பி. மலை வரும்போது திரும்புவேன், பை இருக்கும். ஏரி வரும்போது திரும்புவேன், பை இருக்கும். அந்த ஏரித் தண்ணீரின் நிறத்துக்குக் காரணம் பனிக்கட்டியாறு அரைத்துக் கொண்டுவரும் கல்மா என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல ஆளில்லாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மற்றப் பக்கத்து இருக்கையில் என் வயதில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். லொங்குய்யிலிருந்து வந்தவர்கள். மொன்றியலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் மெட்ரோவில் போனால் கொஞ்ச நேரம். பதினான்கு வருடமாக ஒரு ஆற்றின் இரு கரையில் இருந்துவிட்டு, நாடு பாதி தாண்டி மலைக்குள் வந்துதான் முதல் தரம் கதைத்துக்கொள்கிறோம். அந்த அம்மாவின் பெயர் ஜோர்ஜெற், அவருடைய கணவர் பெர்னார். என்னுடைய பிரெஞ்சு உனக்குத் தெரியும். அவர்களுடைய ஆங்கிலமும் அதே தரம். ஆகவே நன்றாக ஒத்துப்போனது.

மத்தியானம் சுகந்தி கட்டித்தந்த ரோல்ஸைத் திறந்தேன். உனக்கும் சேர்த்து நிறைய வைத்திருந்தாள். ஜோர்ஜெற்றிடம் நீட்டினேன். “நோன், மெர்சி” என்றார், வேண்டாம், நன்றி என்று. எங்கள் முறைப்படி நான் மறுபடி நீட்டினேன். மறுபடி “நோன், மெர்சி.” கொஞ்சம் உறைப்புத்தான், ஆனால் நல்ல ருசி என்று மூன்றாம் தரம் கையருகே கொண்டுபோனேன். பாவம், அவர் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ பொலிஸ்காரர் கேட்டதுபோல ஒன்றை எடுத்துக்கொண்டார். பெர்னார் சிரித்துவிட்டு, “மதாம், என்னை ஒரு தரம்கூடக் கேட்கத் தேவையில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தபோதே நான் ஓம் என்றுவிட்டேன்” என்று சொல்லி இரண்டை எடுத்தார். மூன்றாவதையும் பிறகு தானே வந்து எடுத்தார். ஜோர்ஜெற் அவருடைய முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு உன் அப்பாவின் நினைவு வந்தது.

மலையடியில் எங்களை இறக்கி வேறொரு வாகனத்தில் ஏற்றினார்கள். அதன் சக்கரம் என் உயரம் இருக்கும். வழிகாட்டியாக வந்த பெண் கியூபெக்கிலிருந்து கோடை வேலைக்கு வந்த மாணவி. கல்லும் மண்ணும் குவிந்த சரிவில் வாகனம் செங்குத்தாக இறங்கும்போது, “பயப்படாதீர்கள், நானும் இன்றைக்குத்தான் முதல் நாள்” என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். எல்லோரும் கத்தினார்கள். பொய்தான், ஆனால் நல்ல பொய். பிறகு பனிக்கட்டி மேல் ஏறி நின்றோம். கரும்பலகையில் நான் எத்தனையோ தரம் வெள்ளைச் சோக்கால் கீறிய அந்த ஆறு என் கண்ணுக்கு முன்னால் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அது வெள்ளை இல்லை தம்பி. அழுக்கும் சாம்பலும் படிந்து, வெடித்த இடங்களுக்குள் மட்டும் நீலம். அந்த நீலத்துக்குச் சோக்கு இல்லை. காலடியில் மெல்லிய வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் சத்தம். வழிகாட்டிப் பெண் குனிந்து கையால் அள்ளிக் குடித்துக் காட்டினாள். எல்லோரும் போத்தலில் பிடித்தார்கள். முன்பு பனிக்கட்டி எதுவரையில் இருந்தது என்று கீழே பலகைகள் நட்டிருந்தார்கள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையில் இருந்த வெறும் கல்லைக் காட்டி, இவ்வளவும் உருகிப்போனது என்றாள். படிப்பிக்கும்போது அது முன்னே வருவதைத்தான் நான் பெரிதாகச் சொன்னேன். பின்னே போவதைச் சொன்னேனா என்று யோசித்தேன்.

எனக்கு வாய் திறந்து “பாருங்கோ!” என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு பெரிய காட்சியைக் கண்டவுடன் மனிதருக்கு வருவது அந்த ஒரு சொல்தான். என்னைச் சுற்றி எல்லோரும் அவரவர் மொழியில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யப்பான்காரர்கள் சொன்னார்கள், ஜெர்மன்காரர்கள் சொன்னார்கள், பெர்னார் ஜோர்ஜெற்றிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. உன் அப்பா போய் நாலு மாரியாகிவிட்டது. அவருடைய செத்த வீட்டில்கூட நான் அப்படித் தனியாக நிற்கவில்லை. அன்றைக்கு வீடு நிறையச் சனம்.

அங்கே ஒரு காற்று அடித்தது. ஆவணி மாதம் என்பதெல்லாம் அந்தக் காற்றுக்குத் தெரியாது. விரல் நுனி முதலில் குத்தியது, பிறகு மரத்தது. ஜோர்ஜெற் கண்டுவிட்டார். தன் கைப்பையிலிருந்து இன்னொரு சோடிக் கையுறையை எடுத்து நீட்டினார். நல்ல சிவப்புக் கம்பளி. நான் உடனே, “நோன், மெர்சி. பரவாயில்லை” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பையைப் பூட்டினார்.

நான் நின்றேன். இன்னொரு தரம் கேட்பார் என்று நின்றேன். கையை மேற்சட்டைக்குள் விட்டேன், வெளியே எடுத்தேன், அவர் காணும்படியாகத் தேய்த்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. கடைசியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் ஒருத்தி வாகனத்துக்குள் ஏறிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டேன். வாழ்நாள் முழுக்கப் படிப்பித்த ஆற்றில் நான் நின்ற நேரம் ஒரு வகுப்புக்குப் பெயர் கூப்பிடும் நேரம்கூட இருக்காது.

ஜோர்ஜெற் திரும்பி ஏறி வந்தவர் என் கையைப் பார்த்தார். சிவந்து, விரல் மடக்க முடியாமல் இருந்தது. “ஐயோ, மதாம்! நான் உங்களைக் கேட்டேனே. நீங்கள் வேண்டாம் என்றீர்களே” என்றார். நான் எங்கள் வழக்கத்தை விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் முதல் வேண்டாம் என்பது வேண்டாம் அல்ல, அது மரியாதை, கேட்பவர் திரும்பக் கேட்கவேண்டும் என்று. உடைந்த பிரெஞ்சிலும் கையாலும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மெல்லமாக, “நான் வேறு மாதிரி நினைத்தேன். நான் போட்டது என்பதால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அதுதான் திரும்பக் கேட்கவில்லை” என்றார். பெர்னார் மட்டும், “அப்படியென்றால் ஜோர்ஜெற்றின் முதல் ‘நோன்’ உண்மையான ‘நோன்’. அவளுக்கு உறைப்பே ஆகாது, மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்” என்று சிரித்தார். ஜோர்ஜெற் என் இரண்டு கையையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். கேட்காமலே. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்றுதான்.

இந்த ‘முதல் வேண்டாம்’ பாடத்தை உனக்குச் சொல்லித்தந்தவளே நான்தான். உனக்கு ஏழு வயதிருக்கும். சின்னம்மா வீட்டுக்குப் போகும் வழியில், “ஆரும் ஏதும் தந்தால் உடன கை நீட்டக்கூடாது. முதல் வேண்டாம் எண்டு சொல்லவேணும்” என்று உனக்குப் படிப்பித்தேன். சின்னம்மா தட்டில் பயற்றம்பணியாரம் கொண்டுவந்தார். நீ “வேண்டாம்” என்றாய். அவர் திரும்பக் கேட்பதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். வீடு வரும்வரை நீ அழுதாய். உன் அப்பா இதில் என்னைவிட மோசம். கலியாண வீடுகளில் கையால் இலையை மறைத்து மறைத்து வேண்டாம் என்பார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே “சோறு ஏதும் கிடக்கோ?” என்று கேட்பார். இங்கே வந்த புதிதில் நீ பள்ளிக்கூட நண்பனின் வீட்டுக்குப் போனாய். அந்தத் தாய் சாப்பிடுகிறாயா என்று கேட்க, நீ நான் சொல்லித்தந்தபடி வேண்டாம் என்றாய். அவர்கள் எல்லோரும் உனக்கு முன்னாலேயே இருந்து சாப்பிட்டார்கள். பசியோடு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, “அம்மா, இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம்! ஒருக்காத்தான்!” என்று கத்தினாய். நானும் உன் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ அன்றைக்கே கற்றுக்கொண்டாய். நாங்கள் சிரித்தோமே தவிரக் கற்கவில்லை.

அன்று பின்னேரம் நீ வந்து என்னைக் காரில் ஏற்றினாய். அங்கே கோடையில் வெயில் லேசில் இறங்காது. வயல்வெளியெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஆறு எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் நல்ல வடிவு என்றேன். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாய்:

“அம்மா, நானும் சுகந்தியும் கதைச்சனாங்கள். நீங்கள் எங்களோடயே வந்து இருங்கோவன். கீழ் அறை இருக்குத்தானே.”

“வேண்டாம் ராசா. உங்களுக்கு ஏன் கரைச்சல்? எனக்கு மொன்றியல் பழகிப்போச்சு. சினேகிதர் எல்லாம் அங்கதான்.”

நீ, “ஓகே அம்மா. உங்கட விருப்பம்” என்றாய்.

அவ்வளவுதான். பிறகு வானொலியைப் போட்டாய். மத்தியானம்தான் என் கை அவ்வளவு பட்டிருந்தது, அதே நாள் பின்னேரம் அதே வாயால் அதே சொல்லைச் சொன்னேன். பாடம் விளங்குவது வேறு, வருவது வேறு. வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடும் பிள்ளை கடையில் மிச்சக் காசை எண்ணத் தெரியாமல் நிற்பதுபோல. வீடு வரும்வரை நீ திரும்பக் கேட்பாய் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். நீ கேட்காதபோது, அப்பாடா என்று நினைத்திருப்பான், கடமைக்குக் கேட்டிருப்பான் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன். ஆனால் மொன்றியலுக்கு வந்த பிறகு, மெல்ல மெல்ல, ஜோர்ஜெற் சொன்னது வேறொரு பக்கத்தால் எனக்குள் வந்தது. வேண்டாம் என்று சொல்பவருக்கு அது மரியாதை. கேட்டவருக்கு அது என்ன? என் மகன் நீட்டிய ஒன்றை நான் தள்ளிவிட்டேன். நீ அப்பாடா என்று நினைக்கவில்லை, உன் வீடும் உன் மனைவியும் உன் சமையலும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்திருப்பாய். அதுதான் வானொலியைப் போட்டாய். நான் நினைப்பது சரியா தம்பி? பிழையென்றால் சொல்லு. சரியென்றால், அந்த நினைப்பை இன்றைக்கே விட்டுவிடு. அதில் ஒரு துளி உண்மையும் இல்லை.

சினேகிதர் எல்லாம் இங்கே என்று சொன்னேன் அல்லவா. அதையும் திருத்தி எழுத வேண்டும். மேல்வீட்டுக் குடும்பம் போன வருடமே ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்கு என்னோடு வரும் ராணியக்காவை மகள் புவாண்ட்-கிளேர் பக்கம் கூட்டிப்போய்விட்டாள், பேரப்பிள்ளைகளைப் பார்க்க. அவர் தைப்பொங்கலுக்கு ஒரு தரம் தொலைபேசி எடுத்தார். மூன்று தரம் கேட்கும் ஆட்கள் எல்லாம் போய், ஒரு தரம் கேட்கும் ஆட்களோடு நான் இருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள். ஒரு தரம் கேட்கிறார்களே.

இந்தத் தை மாதம் உறைமழை பெய்து மரமும் மின்கம்பியும் முறிந்து விழுந்தபோது நீ தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எடுத்தாய். “அம்மா, கரண்ட் இருக்கோ?” என்றாய். “எங்கட பக்கம் இருக்குது ராசா, ஒரு பிரச்சினையும் இல்லை” என்றேன். இருக்கவில்லை. நான் அப்போது இரண்டு குளிர்ச்சட்டையும் உன் அப்பாவின் தொப்பியும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன். அடுப்பும் மின்சாரத்தில்தான். ஒரு வாய் தேத்தண்ணிக்கு வழியில்லை. அதற்குக் கொஞ்சம் முதல் எதிர்வீட்டுக் கிரேக்க அம்மா கதவைத் தட்டினார். அவருடைய மகன் லவாலிலிருந்து காரோடு வந்து மாடிப்படியில் நின்றான். அங்கே மின்சாரம் இருந்ததாம். “யூ கம்?” என்று கேட்டார். “நோ, நோ. ஐ ஆம் ஓகே” என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் நின்றேன். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் கேட்டது, பிறகு கார்க் கதவு அடிபடும் சத்தம். ஜன்னலால் பார்த்தேன். மரக்கிளை எல்லாம் கண்ணாடிக்குள் போட்டதுபோல மினுங்கியது. வடிவுதான். பனிக்கட்டியாற்றைப் போலவே வடிவு. அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு நீ பதறுவாய் என்று தெரியும். பதறத் தேவையில்லை, மூன்றாம் நாள் மின்சாரம் வந்துவிட்டது, எனக்குத் தடிமன்கூடப் பிடிக்கவில்லை. இதை எழுதுவது நீ என்னைப் பாவம் பார்ப்பதற்கு அல்ல. உன்னைப்போன்ற பிள்ளைகள் எங்களை நம்பி ஏமாறுகிறீர்கள். சுகம் என்றால் சுகம் என்று எடுக்கிறீர்கள். அது உங்கள் நேர்மை. அந்த நேர்மைக்கு ஏற்றபடி நான் கதைக்கப் பழக வேண்டும், இந்த வயதில். தொலைபேசியில் எனக்கு அது வராது. உன் குரலைக் கேட்டவுடன் வாய் தானாகவே வேண்டாம் என்று தொடங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது அழித்துத் திருத்தலாம்.

ஆகவே, தம்பி, திருத்திய விடை இதுதான். எனக்கு உங்களோடு வந்து இருக்க விருப்பம். நீ போன ஆவணியில் கேட்டதற்கு என் பதில் ஓம். காலையில் ஒருவர் எழும்பும் சத்தம் கேட்க வேண்டும். குளியலறைக்குக் காத்து நிற்க வேண்டும். ஜன்னலால் ஒன்றைக் கண்டால் “இஞ்ச வந்து பார்” என்று கூப்பிட ஒரு ஆள் வேண்டும். வந்தால் நான் கரைச்சல்தான், அதையும் மறைக்கவில்லை. குறட்டை விடுவேன். செய்தி வாசிப்பவரின் பூமிசாத்திரத்தைத் திருத்துவேன். சுகந்தியின் அடுப்படியில் போத்தல்களை இடம் மாற்றிவிட்டுப் பிறகு நான் இல்லை என்பேன்.

அந்த அறையை நண்பருக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றால் சொன்ன வாக்கை மாற்றாதே. ‘இப்போது இடமில்லை அம்மா’ என்று நீ எழுதினால் நான் அதை உள்ளபடியே எடுப்பேன். அதற்குள் வேறு அர்த்தம் தேடமாட்டேன். அப்படியென்றால் வீட்டுக்காரரிடம் இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ராணியக்காவுக்கு நானே தொலைபேசி எடுப்பேன். ஆனால் சுகந்தியை மட்டும் தனியாகக் கேள். அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை. முதல் தரம் கேட்டால், “மாமி வரட்டும், எனக்கென்ன?” என்பாள். அது மரியாதைக்குச் சொல்லும் ஓம். அதில் நின்றுவிடாதே. நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவள் வேறு ஏதோ யோசனையில் இருக்கும்போது, இன்னொரு தரம் கேள். அப்போது சொல்வதை எனக்கு எழுது. மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை வீட்டுக்காரரைக் கண்டால் மாடிப்படியில் ஒதுங்கிப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீ எடுப்பாய். இந்தக் கடிதம் அதற்குள் வந்திருந்தால், நான் இந்தப் பக்கத்தில் இருந்து, “அது சும்மா எழுதினது ராசா, நீ யோசிக்காதை, எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை” என்று கட்டாயம் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். நான் சொல்லி முடிக்கும்வரை பொறு. பிறகு, ஓகே அம்மா என்று சொல்லாமல், இந்தக் கடிதத்தை எடுத்து எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டு.

அம்மா